காலி வேகன்கள்

பார்சலைப் பிரித்ததும் அவர் முதலில் எண்ணினார். ஏழு.

எல்லாம் சரக்கு வண்டியின் வேகன்கள். புத்தம் புதியவை. ஒவ்வொன்றும் ஒரு சாண்கூட வராது.

நான் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். காலைச் சாப்பாடு முடிந்து பாத்திரம்கூடத் துலக்கவில்லை.

எங்கள் சாப்பாட்டு மேஜையில் ஐந்து வருடமாக ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. நாங்கள் அடுப்படியில் ஸ்டூல் போட்டுச் சாப்பிடுகிறோம்.

என் கணவர் சர்வேயராக இருந்து ஓய்வுபெற்றவர். ஆயுசு முழுக்க நிலம் அளந்தவர். அந்த நிலையத்தையும் டேப் பிடித்து அளந்து, எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கிக் கட்டியிருக்கிறார். இரண்டு பிளாட்பாரம், நடுவில் தண்டவாளங்கள், மேலே நடைபாலம். பஞ்சுக்குப் பச்சைச் சாயம் ஏற்றி மரங்களுக்கு இலை ஒட்டினார். பிளாட்பாரப் பெஞ்சின் உடைந்த காலைக்கூட உடைத்தே வைத்தார்.

பொம்மை ரயில் விற்கும் கடையில் அவரை எல்லோருக்கும் தெரியும். ரிட்டயர் ஆனவர் பொழுதுபோக்குக்குச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எதிர் பிளாட்பாரத்தில், தண்ணீர் பாட்டில் விற்கும் கடைக்கு முன்னால் எங்கள் பாப்பா நிற்கிறாள். இரண்டு சென்டிமீட்டர்கூட இல்லை. மஞ்சள் சட்டை, தோளில் பை. சட்டையின் நிறத்தை நான்தான் சொன்னேன்.

ஆறு வருடத்துக்கு முன், அவளுக்கு இருபத்திமூன்று வயதில், கடைசியாக அவளை நான் பார்த்த இடம் அது.

அன்று என் நாத்தனாரை அழைத்துவர நானும் பாப்பாவும் போயிருந்தோம். தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று பாலம் ஏறி எதிர்ப்பக்கம் போனாள். நடுவில் ஒரு கூட்ஸ் வந்து நின்று எல்லாவற்றையும் மறைத்தது. அது நகர்ந்தபோது அவள் அங்கே இல்லை. அந்தப் பிளாட்பாரத்தின் மறுபக்கம், அவளுக்குப் பின்னால் நின்றிருந்த பாசஞ்சரும் புறப்பட்டிருந்தது.

போலீசிடம் இதைத்தான் சொன்னேன். அவரிடமும் இதைத்தான். கேட்ட எல்லோரிடமும், ஒரு சொல் மாறாமல்.

யாரோ அவளை இழுத்துப் போயிருக்கிறார்கள் என்பது அவர் முடிவு. தானாகப் போகிற பெண் இல்லை அவள் என்பார்.

இந்த ஆறு வருடத்தில் ஒரு போன் இல்லை, ஒரு வரி இல்லை. எங்கள் இரண்டு பேருக்குமே.

முதல் வருடம் அவள் படத்தை எடுத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தார். பிறகு வீட்டுக்குள்ளேயே தேட ஆரம்பித்தார். எங்கேயோ ஒன்றைக் கோட்டை விட்டிருக்கிறோம், அளவு பிசகாமல் கட்டினால் அது தானாகத் தெரியும் என்பார்.

தினமும் காலையில் சுவிட்சைப் போடுவார். கூட்ஸ் வரும், நிற்கும், போகும். நாலு பக்கமும் மூடிய வேகன்கள், பாப்பாவை முழுசாக மறைக்கும். வண்டி போனபிறகும் பாப்பா அங்கேயே நிற்பாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் வேறு அறைக்குப் போய்விடுவேன். சக்கரச் சத்தம் அங்கேயும் வரும்.

போன மாதம், அன்றைய கூட்ஸில் கார்டாக வந்தவரை எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். மூன்று பஸ் மாறி அவர் வீட்டுக்குப் போனார். திரும்பி வந்தார். குளித்தார். சாப்பிட்டார். கடைக்குப் போன் போட்டு எதையோ ஆர்டர் செய்தார்.

அதுதான் இன்று வந்திருக்கிறது.

இந்த வேகன்களுக்குச் சுவர் இல்லை. கூரையும் இல்லை. சக்கரத்துக்கு மேல் வெறும் பலகை.

"கார்டு டைரியில எழுதி வச்சிருக்கார்மா. அன்னைக்கு வந்தது எல்லாம் இதுதானாம். சரக்க எறக்கிட்டு காலியாத் திரும்பியிருக்கு."

மூடிய வேகன்களைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஏழையும் ஒன்றோடொன்று கோர்த்தார். அவசரமே படவில்லை. சுவிட்சைப் போட்டதும் வண்டி ஊர்ந்து வந்து, பாப்பாவுக்கும் எனக்கும் நடுவில் நின்றது.

டிக்கெட் கவுன்டர் பக்கத்தில் நிற்கும் பொம்மை நான்.

அவர் முட்டி போட்டு உட்கார்ந்தார். கன்னத்தை மேஜையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, என் பொம்மைக்குப் பின்னாலிருந்து பார்த்தார்.

எனக்குக் குனிந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை.

நான் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். முப்பது வருடப் பழக்கம். அவர் குரல் ஏறினால் தெருக்கோடியில் படுத்திருக்கும் நாய் எழுந்து உட்காரும்.

பாப்பா போனது, அவள் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்த சமயத்தில். வேண்டாம்பா என்று அவள் மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை சொன்ன அன்று அவர் அவள் அறையை வெளியே பூட்டினார். ஒன்பது நாள் கழித்து, நாத்தனாரின் பெட்டியைத் தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அந்தச் சாவியை வாங்கியது நான்தான்.

சத்தம் வரவில்லை. அவர் முதுகு மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

கன்னத்தை மேஜையிலிருந்து எடுக்காமலே கேட்டார்.

"ரயில் ஏறும்போது திரும்பிப் பாத்தாளா?"

"ரெண்டு தடவை" என்றேன்.