முன்சீட்டுப் பந்தயம்

ஓடும் காரில் பின்னால் திரும்பினாலே அம்மாவுக்குக் குமட்டும். அதனால் திரும்பாமலே ஆடும் விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தாள். முன்சீட்டில் இருந்தபடி கையைப் பின்னால் நீட்டுவாள். பின்சீட்டு வாண்டுகள் இரண்டில் ஒன்று அதில் பாதத்தை வைக்கும். யார் பாதம் என்று அவள் சொல்லவேண்டும். தப்பாகச் சொன்னால், ஜெயித்தவருக்கு முன்சீட்டு.

பாதி வழிவரை அவளை அசைக்க முடியவில்லை. பெரியவன் பாதம் சொரசொரப்பு. சின்னவளுக்குக் கட்டைவிரலில் பிளாஸ்திரி.

அடுத்து வந்த பாதம் ஜில்லென்று இருந்தது.

"பெரியவன்."

"இல்லையே."

"அப்ப சின்னக்குட்டி."

"இல்லவே இல்ல." கார்க் கூரை பிய்த்துக்கொள்ளும்படி இரண்டும் கூச்சல் போட்டன. "அம்மா தோத்தாச்சு, அம்மா தோத்தாச்சு."

அப்பாவும் ஸ்டியரிங்கில் தாளம் போட்டார்.

பெட்ரோல் பங்கில் வண்டி நின்றதும் அம்மா சிரித்துக்கொண்டே இறங்கிப் பின்சீட்டுக்கு வந்தாள். இரண்டும் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டன. முன்னால் போக எதுவும் எழுந்திருக்கவில்லை.

"யாருடா ஜெயிச்சது? போய் உட்காருங்க."

"ஜெயிச்சவங்க போயாச்சும்மா" என்றான் பெரியவன்.

அப்பா வண்டியைக் கிளப்பினார். காலி முன்சீட்டுக்குப் பெல்ட் போடச் சொல்லி கார் விடாமல் கத்தியது.

"சீட்ல பையை வச்சுட்டியா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"பை என் மடியிலதான் இருக்கு."

சின்னவள் குஷி தாங்காமல் முன்னால் எட்டி, காலி சீட்டைப் பார்த்துச் சொன்னாள்.

"பெல்ட்டைப் போட்டுக்கோ, அப்பா திட்டுவாரு."

சத்தம் நின்றது.