கண்ணாடிக்கு அப்பால்

மலையடிவார ஊர்களில் பதினொரு பேரை மூச்சுத்திணற வைத்துக் கொன்ற காய்ச்சல் எதனால் வருகிறதென்று யாருக்கும் தெரியவில்லை. அதைத் தேடிக்கொண்டிருந்த ஆய்வாளர் சுகிர்தாவின் கையுறை, இறந்த ஒருவரின் சளி இருந்த குப்பி உடைந்ததில் பட்டுக் கிழிந்தது. அன்றே அவளை ஆய்வகத்தின் தனிமை அறையில் வைத்து வெளியிலிருந்து பூட்டினார்கள். ஜன்னல் கிடையாது. ஒரே ஒரு கண்ணாடிச் சுவர்; அதற்கு அப்பால் அவளுடைய மேசை, அவளுடைய நாற்காலியில் தலைமை ஆய்வாளர் ஆரோக்கியம். இறந்த மற்றவர்களிடம் எடுத்த சளி மாதிரிகளெல்லாம் வழியிலேயே கெட்டுப்போயிருந்தன. ஐந்தாம் நாள் அவளுக்கு இருமல் தொடங்கியது. தானே மூக்கில் பஞ்சுக்குச்சியை விட்டெடுத்து, குழாயில் போட்டு மூடி, சுவர்ப்பெட்டி வழியாக வெளியே தள்ளினாள்.

மறுநாள் மதியம், அவளுடைய மாதிரியின் முடிவுக்காகக் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆரோக்கியம் துள்ளி எழுந்தார். எல்லோரும் ஓடிவந்து கைதட்டினார்கள். உள்ளே சத்தம் வரவில்லை. ஒருத்தி தற்செயலாகத் திரும்பி சுகிர்தாவைப் பார்த்தாள். கைகள் ஒவ்வொன்றாக நின்றன.

ஆரோக்கியம் தனிமை அறைக்குப் பேசும் போனை எடுத்தார். "சுகிர்தா... உங்கிட்ட எப்படிம்மா சொல்றது..."

சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்தாள் அவள்.

"அழுகையெல்லாம் அப்புறம் சார். அது என்ன வைரஸ்னு சொல்லுங்க. நாலு மாசமாத் தேடிட்டிருக்கேன்."