போகிற வீடெல்லாம் ஒழுகுது

"வந்த இடத்துலயாவது குழாயைப் பார்க்காம சாப்பிடுங்களேன்" என்றாள் மனைவி.

பிளம்பர் அதுவரை குழாயைப் பார்க்கவே இல்லை. தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொன்ன பிறகே நிமிர்ந்தார். நண்பர் வீட்டுச் சமையலறையில் குழாய் சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது. ஆயுசு முழுக்கக் குழாயோடு மல்லுக்கட்டிய மனுஷனுக்கு அதைக் கண்ட பிறகு சோறு இறங்குமா?

"நேத்துலேர்ந்து இப்படித்தான்பா" என்றார் பள்ளிக்கூட நாளிலிருந்து பழக்கமான அந்த நண்பர். "ஆளுக்குச் சொல்லியிருக்கேன். இதோ வர்றேன், அதோ வர்றேன்னு இழுக்கிறான்."

"அந்த ஆளே வரட்டும்ணே. இவரால முடியாது" என்று மனைவி முந்திக்கொண்டாள். "கை முறிஞ்சதுலேர்ந்து ஸ்பேனரைத் தொட்டாலே நடுங்குது. ஊருக்குத் திரும்பினதும் கடையை விக்கப் போறோம். பேசி முடிச்சாச்சு."

பிளம்பருக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஏணியிலிருந்து விழுந்து மணிக்கட்டு முறிந்தது, எலும்பும் கூடிவிட்டது. கை சரியாகிவிட்டது, வேலையை ஆரம்பியுங்கள் என்று டாக்டர் சொல்லியே மாதக்கணக்காகிறது. பயம்தான் விடவில்லை. கடையின் ஷட்டர் இறங்கியே கிடந்தது. வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருத்தர் வர, இவரும் தலையாட்டிவிட்டார். கையெழுத்துதான் பாக்கி. அதற்கு முன்னால் கடலோரமாகவே காரை விட்டுக்கொண்டு நட்பு, சொந்தம் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவோம் என்று மனைவிதான் கிளப்பிக்கொண்டு வந்திருந்தாள். வண்டி ஓட்டியதும் அவளே.

எல்லாம் உண்மைதான். அதற்காக அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்து இப்படியா போட்டு உடைப்பது?

"யாரால முடியாது?" என்று எழுந்தார். "டிக்கியில என் பை கிடக்கும். எடுத்துட்டு வா."

"அந்த மூட்டையை வீட்டுலயே இறக்கியிருக்கணும். மறந்து தொலைச்சேன்" என்று முணுமுணுத்தபடி போய் எடுத்து வந்தாள்.

ஸ்பேனர் கைக்கு வந்ததுமே நடுக்கமும் வந்தது. இடது கையால் வலது கையை அழுத்திப் பிடித்துக்கொண்டார். வியர்த்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் குழாயைக் கழற்றி உள்ளே பார்த்தாரோ இல்லையோ, கோபத்தில் கையைப் பற்றிய நினைப்பே போய்விட்டது.

"வாஷரைப் பாதியா நறுக்கி மாட்டியிருக்கான். எந்த மடையன் பார்த்த வேலை இது?"

நண்பர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "யாரோ ஒரு கத்துக்குட்டிப்பா. விட்டுத்தள்ளு."

மறுநாள் பிளம்பரின் தங்கை வீடு. செருப்பைக் கழற்றுவதற்குள் தங்கை ஓடிவந்தாள்.

"அண்ணா, மாடி டேங்க் காலையிலேர்ந்து வழிஞ்சுக்கிட்டே இருக்கு. சுவரெல்லாம் நனைஞ்சு போச்சு."

"உங்க அண்ணனை மாடிக்கு அனுப்பிடாதே தாயே" என்றாள் மனைவி. "ஏணியைக் கண்டாலே அவருக்கு மயக்கம் வருது."

அடுத்த நிமிஷம் பிளம்பர் ஏணியில் இருந்தார். மனைவி கீழே ஏணியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவரைத் திட்டியபடியே நின்றாள். முதல் இரண்டு படியில் கால் கூசியது. மூன்றாவது படியில் டேங்க் மூடி கைக்கு எட்டிவிட்டது.

"மிதவைக் கம்பியை வளைச்சு விட்டிருக்கான். அப்புறம் தண்ணி எங்கே நிக்கும்?" மேலிருந்து அவர் குரல் தெருவரைக்கும் கேட்டது. "இதை மாட்டினவனுக்கு மூளை முட்டிக்கால்லயா இருக்கு?"

தங்கையின் கணவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. "நல்ல ஆளாப் பார்த்து விட்டிருக்கணும் மச்சான்" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

அங்கிருந்து கிளம்பும்போது காரை பிளம்பரே ஓட்டினார். கடல் கூடவே வந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை; அத்தனை பேச்சு.

"பார்த்தியா? ஒரு வீட்டுலயாவது உருப்படியா வேலை பார்த்திருக்கானா? நானும் கடையை மூடிட்டா ஜனங்க தண்ணிக்கு என்ன பண்ணும்?"

"ஜனங்க எப்படியோ சமாளிச்சுக்கும். நீங்க கையெழுத்தைப் போட்டுட்டு நிம்மதியா இருங்க."

பிளம்பர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். கூடவே குரலும் இறங்கியது.

"நீ சொல்றதும் சரிதான். வாஷர், மிதவை எல்லாம் சின்ன வேலை. கடையைத் திறந்தா சுவரை உடைச்சுக் குழாய் மாத்தணும்னு வருவாங்க. அதுக்கு இந்தக் கை தாங்குமா? அதான் பயமா இருக்கு. உங்க அண்ணன் வீட்டுக்குப் போயிட்டு ஒரு முடிவா சொல்றேன்."

"அங்கேயாவது சும்மா இருங்க. எங்க அண்ணன் வீட்டுல எல்லாம் கச்சிதமா இருக்கும். ஒரு சொட்டு ஒழுகாது."

பெட்ரோல் பங்க்கில் வண்டி நின்றது. பிளம்பர் இறங்கிப் போய், சக்கரத்துக்குக் காற்று அடிக்கிறவரிடம் காற்றுக் குழாயை எப்படி மடங்காமல் சுருட்டி வைப்பது என்று பாடம் எடுக்க ஆரம்பித்தார்.

மனைவி கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனை எடுத்தாள்.

"அண்ணி, சாயங்காலத்துக்குள்ள வந்துடுவோம். குளியலறைக் குழாயைக் கெடுத்து வைக்கச் சொன்னேன்ல, அது வேண்டாம், அதெல்லாம் இவருக்கு இப்ப ஊதித் தள்ற வேலை. அண்ணன் கையில ஒரு சுத்தியலைக் குடுத்து, சுவருக்குள்ள போற குழாயாப் பார்த்து நல்லா உடைச்சு வைக்கச் சொல்லுங்க."