முருங்கைக்கீரை

அரிவாள்மணையை ஒளித்துவைத்த நாளிலிருந்து என் வீட்டுக்காரர் நறுக்க வேண்டாத முருங்கைக்கீரையையே வாங்கிவந்தார். ஏன் ஒளித்தார் என்று இவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தூக்கமில்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மனநலப் பிரிவு லூர்து சிஸ்டர்தான் இவரை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்: "செத்துரலாம்னு தோணுதாம்மா?"

இவர் பதறிப்போனார். "அதை ஏன் சிஸ்டர் ஞாபகப்படுத்துறீங்க?"

"கேக்குறதால அது வராதுண்ணே. சொல்ல ஆள் இல்லன்னாதான் முத்தும்."

"தோணுது" என்றேன். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் மூச்சு அடிவயிறு வரை இறங்கியது. அந்த சிஸ்டர் நன்றாக இருக்க வேண்டும்.

இன்று சாயங்காலம் கீரை உருவிக்கொண்டிருந்தவர் தலை நிமிராமல் கேட்டார்: "இன்னிக்கும் தோணுச்சா?"

"காலையில கொஞ்ச நேரம்."

முறத்தை எங்கள் இருவருக்கும் நடுவில் நகர்த்திவைத்தார்.