கதவு எண் பதினேழு

திரையில் ‘டிஎச்சிபி’ என்ற சொல்லை அழித்துவிட்டு ‘ஸ்டாட்டிக்’ என்று அடித்தாள்.

இனி இந்தப் பெட்டி யாரிடமும் எண் கேட்டு நிற்காது.

தொலைக்காட்சிக்குப் பின்னால் சுவரோடு ஒட்டிக் கிடக்கும் சின்ன லினக்ஸ் கணினிப் பெட்டி. வாசல் கேமராவின் படத்தைத் தம்பியின் கைபேசிக்கு அனுப்புவது அதன் வேலை. கரண்ட் போய் வரும்போதெல்லாம் ரூட்டர் அதற்குப் புது எண் கொடுத்துவிடுகிறது. தம்பி அலுவலகத்திலிருந்து பழைய எண்ணைத் தேடுகிறான். வாசல் தெரிவதில்லை.

காலையில் அவள் வந்து இறங்கியபோது, என்ன திடீரென்று, என அவன் கேட்கவில்லை.

“வர்றவங்க போறவங்க போனுக்கெல்லாம் ரூட்டரே மாத்தி மாத்திக் குடுக்கட்டும்க்கா. வீட்டுப் பெட்டிக்கு மட்டும் நிலையா ஒண்ணு போட்டுரு.”

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பெட்டியின் வலை முகவரியில் கடைசி எண்ணை அவளே முடிவு செய்யலாம். ரூட்டர் பங்கிட்டுத் தராத எண்ணாக இருந்தால் போதும்.

விரல்கள் பதினேழு என்று அடித்தன.

இந்த வீட்டின் கதவு எண். பள்ளிக்கூட நோட்டு அட்டைகளில் அவள் எழுதி எழுதிப் பழகியது. கல்யாணத்துக்குப் பிறகு எங்கும் எழுதியதில்லை.

தம்பி மனைவி ஹேமலதா காபி கொண்டுவந்து வைத்தாள்.

“திரும்பிப் போக டிக்கெட் போட்டாச்சா மதினி? முகூர்த்த நாளு. பஸ்ஸுல எடமே இருக்காது.”

இனி அங்கே போவதாக இல்லை.

சொல்ல வேண்டியது அவ்வளவுதான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தது.

“பாக்கணும்” என்றாள்.

எழுதியதைச் சேமித்தாள். முதுகுக்குப் பின்னால், கூடத்தில், ஏதோ உருண்டு போகும் ஓசை. தரை துடைக்க எதையோ நகர்த்துகிறாள் போல. திரும்பிப் பார்க்கவில்லை.

ரூட்டரையும் பெட்டியையும் அணைத்துப் போட்டாள்.

பதினேழு.

மறுபடியும் அணைத்துப் போட்டாள்.

பதினேழு.

அவளுடைய கைபேசி மட்டும் ரூட்டரிடம் இன்னும் எண் கேட்டுக்கொண்டிருந்தது.

புது எண்ணைத் தம்பிக்குச் செய்தியில் அனுப்பினாள். ஏனோ ஒரு தைரியம் வந்தது. தம்பியிடம் இப்போதே சொல்லிவிடலாம். கைபேசியில் அவன் பெயரைத் தேடுவதற்குள் அவனே அழைத்துவிட்டான்.

“வந்துருச்சுக்கா! வாசல் தெரியுது!”

சிரித்தான். பிறகு சற்று நிறுத்தி,

“என்னக்கா, ஒன் சூட்கேஸ் ரெண்டும் வாசல் கேட் பக்கத்துல நிக்குது? அதுக்குள்ள கெளம்பிட்டியா?”

காலையில் அவற்றை உள்ளறையில், கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்திருந்தாள்.

சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது.

“படம் தெளிவா இருக்காடா?” என்று கேட்டாள்.