தூக்காத கை

ஜோகுபாளையத்துக்கு மனநல, குடிநோய் சிகிச்சை மையம் வேண்டும் என்று ஒரு வருடமாகச் சண்டை போட்டு, அதிகாரியைச் சர்ச் ஹாலுக்கே வரவழைத்துவிட்டாள் ஆஞ்சலா.

“வீட்டுல சிகிச்சை தேவைப்படுற ஆள் இருக்குறவங்க கை தூக்குங்க. யாருமில்லன்னா மையம் வேற ஏரியாவுக்குப் போயிடும்,” என்றார் அவர்.

ஒரு கைகூட எழவில்லை. அதிகாரி பையை எடுத்தார்.

ஆஞ்சலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்து வீட்டு பவுலினிடம் சீறினாள். “அங்கிள் குடிச்சிட்டு ரோட்டுல விழுந்து கெடக்கலாம். கை தூக்க மட்டும் வெக்கமா ஆன்ட்டி?”

“நான் அவரக் கூட்டிட்டு ஓசூர் ஆஸ்பத்திரிக்குப் போனப்ப, மனநல டாக்டர் ரூம் வாசல்ல துப்பட்டாவால மூஞ்சிய மூடிட்டு உக்காந்திருந்தியே,” பவுலின் குரலைத் தாழ்த்தினாள். “நீ ஏன்டி தூக்கல?”

அதிகாரி வாசலுக்குப் போய்விட்டார்.

“சார், நில்லுங்க. எங்க வீட்டுல ஆள் இருக்கு,” என்று ஆஞ்சலா கையைத் தூக்கினாள்.

“யாரும்மா?”

“நான்தான்.”