முதலில் சொல்ல வேண்டியவர்

என் கணவர் நவ்ரோஸ் குளியலறையில் பாடிக்கொண்டிருந்தார். நான் அவருடைய கோட்டைத் தூசி தட்டியபோது பையிலிருந்து சீட்டு விழுந்தது.

காபூலில் எல்லோர் பையிலும் இருக்கிற சீட்டுதான். உடம்பில் குண்டைக் கட்டிக்கொண்டு சந்தைக்கும் பள்ளிவாசலுக்கும் ஆட்கள் வர ஆரம்பித்ததிலிருந்து இப்படித்தான். பெயர், ரத்த வகை, ஏதாவது ஆகிவிட்டால் முதலில் யாரைக் கூப்பிட வேண்டும் என்று ஒரு ஃபோன் எண்.

கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் என் பிறந்தநாளை ஒருமுறைகூட ஞாபகம் வைக்காத மனிதர், ரத்த வகையைப் பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

ஆனால் அந்த எண் என்னுடையது இல்லை.

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. போன மாதம்தான் மீசைக்குச் சாயம் அடித்தார். அலுவலகத்துக்குப் புது அத்தர் வேறு. இழவு வீட்டில் அந்த எண்ணுக்காரி முன்வரிசையில் உட்கார்ந்து அழுவாள். நான் வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

உடனே அந்த எண்ணை அழைத்தேன். ஏழெட்டு வசவுகளைத் தயாராக வைத்திருந்தேன்.

எடுத்தது ஓர் ஆண் குரல். அவளுடைய அண்ணனாக இருக்கும். யாராக இருந்தால் எனக்கென்ன?

“நவ்ரோஸ் உங்களுக்கு யாரு? அதை மட்டும் சொல்லுங்க!”

எதிர்முனையில் ஏதோ தட்டு கீழே விழுந்து உருண்டது.

“ஐயோ... எந்த ஆஸ்பத்திரிம்மா? அவன் சம்சாரத்துக்கு மட்டும் ஃபோன் பண்ணிடாதீங்க, வீட்ல தனியா இருப்பா. கடையை அடைச்சுட்டு, என் வீட்டுக்காரியையும் கூட்டிட்டு, நானே போய்ப் பக்கத்துல உட்கார்ந்து சொல்றேன். அவன்கிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.”

அப்போதுதான் குரல் பிடிபட்டது. தெருமுனை ரொட்டிக்கடை எவாஸ் அண்ணன். தினமும் கருகின ரொட்டியை என் தலையில் கட்டுகிறவர். தேம்பித் தேம்பி அழுதார்.

நவ்ரோஸ் குளிக்கத்தான் போயிருக்கிறார் என்று அவருக்குப் புரியவைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. புரிந்த பிறகு அவர் என்னைத் திட்டிய திட்டுக்கு முன்னால், நான் தயாராக வைத்திருந்த ஏழெட்டும் ஒன்றுமே இல்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

சீட்டைக் கோட்டுப் பையிலேயே மறுபடி வைத்தேன்.

பிறகு என் கைப்பையைத் திறந்து என்னுடைய சீட்டை எடுத்தேன். அதில் நவ்ரோஸின் எண் இருந்தது. அதை அடித்துவிட்டு, எவாஸ் அண்ணனின் எண்ணை எழுதினேன்.